ஒரிஜினல் தூமனைத் திரும்பக் கொடு

சென்னப்பனைக் கண்டித்துத் தர்மபுரியில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சென்னப்பனும் கலந்துகொண்டான்.

கலந்துகொள்வதற்காக அவன் வரவில்லை. பென்னாகரத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, 'தூமக்கோள்' ரசிகர் மன்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றான். ஆள் குறைகிறதே என்ற கவலையில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாலிபர், "மன்றத்துக்குங்களா? வாங்க வாங்க, மூணாவது வரிசையில நில்லுங்க" என்று அவன் கையில் ஓர் அட்டையைத் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அட்டையில் 'ஒரிஜினல் தூமனைத் திரும்பக் கொடு' என்று சிவப்பில் எழுதியிருந்தது. சென்னப்பன் அதை இரண்டு தடவை படித்தான். அவன் கேட்க வந்ததும் அதேதான். அதனால் அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

வரிசைக்கு முன்னால் ஒரு மரச்சட்டத்தில் அவனுடைய முகம் மாட்டியிருந்தது. 'தூமக்கோள்' படத்தின் ஐந்தாம் பாகத்துக்கு வந்த முதல் போஸ்டர் அது. போஸ்டருக்குச் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். ஒருவர் மைக்கில், "பரிசல்காரனே!" என்றார். எல்லோரும், "பரிசலுக்குப் போ!" என்றார்கள். சென்னப்பனுக்கும் வாய் தானாக அசைந்தது. பக்கத்தில் நின்றவர் போஸ்டரைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணா" என்றார். முகத்தைச் செருப்பால் அடிக்க வந்தவர்களுக்கு அதை உற்றுப் பார்க்க நேரமில்லை.

'தூமக்கோள்' என்பது நான்கு பாகம் வந்துவிட்ட விண்வெளிப் படம். பூமியிலிருந்து ஒரு கேப்டன் கப்பலேறிப் புகை மூடிய ஒரு கிரகத்துக்குப் போகிறான். அங்கே தூமன் என்றொரு பிராணி இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் மட்டும் தூமன் நிஜ ஆளாக வருகிறான்; மூன்றிலும் நான்கிலும் அவனைக் கம்ப்யூட்டரில் செய்துவிட்டார்கள். கேப்டன் வேடத்துக்கும் மூன்றாம் பாகத்தில் ஆள் மாறிவிட்டது. இதனால் தமிழ்நாடு முழுக்க ரசிகர்கள் பழைய கேப்டன் அணி, புதிய கேப்டன் அணி என்று இரண்டாகப் பிரிந்து, கல்யாணத்துக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. இரண்டு அணியும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று. அது தூமனின் நடை. முன்னால் சாய்ந்து, முழங்கால் மடங்கி, கால் விரல்களை விரித்து, அடிக்கு ஒரு நொடி நின்று நின்று போகும் அந்த நடையைக் கைபேசியில் ஓட்டிப் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள் உண்டு. முகமூடிக்குள் இருந்தது ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு சர்க்கஸ்காரர் என்பது அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் உண்மை.

முகமூடிக்குள் இருந்தது ஊட்டமலைப் பரிசல்காரன் சென்னப்பன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒகேனக்கல் பாறைகளை வேற்றுக்கிரகமாக மாற்றிப் படம் பிடிக்க வந்த கம்பெனி, சர்க்கஸ்காரர் ஒருவரை நிஜமாகவே கூட்டி வந்திருந்தது. அவர் ஈரப் பாறையில் காலை வைத்த முதல் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, சவாரி முடித்த சென்னப்பன் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியாக மேலே நடந்து போனான். பரிசல் ஓட்டுகிற யாரும் அப்படித்தான் நடப்பார்கள். வேறு மாதிரி நடந்தால் மண்டை உடையும். டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். தூமனின் முதுகு ஓட்டையும் முகமூடியையும் சென்னப்பனுக்கு மாட்டிவிட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. மகள் கலைமதியிடம் மட்டும் சொன்னான். அவள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் போய்ச் சொன்னாள். பொய் சொன்னதற்காக ஒரு பீரியட் முழுக்க அவளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறவரைக்கும் அவளுக்கு 'தூமன் மவ' என்றுதான் பேர்.

இப்போது ஐந்தாம் பாகத்தில் தூமன் முகமூடியைக் கழற்றுகிறான். டைரக்டர் ஞாபகமாக ஆள் அனுப்பிச் சென்னப்பனைத் தேடிப் பிடித்தார். பழைய காகிதத்தைக் கிழித்தாயிற்று. சென்னப்பனின் முகம் பெரிய திரையில், பேரோடு வரப்போகிறது. அவனுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. மகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய அத்தனை பேரும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் போஸ்டர் வெளிவந்த அன்றே ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் போன் பண்ணினார். "இருபதாம் தேதிக்குள்ள எதிர்ப்பு அடங்கணும் சார். இல்லன்னா ஆள மாத்தச் சொல்லி மேல இருந்து பிரஷர். எதிர்ப்ப ஆரம்பிச்சதே உங்க தர்மபுரி மன்றம்தான். அவுங்க ஒரு கடிதம் குடுத்துட்டா மத்த மாவட்டம் வாய மூடிக்கும்" என்றார். அந்தக் கடிதத்தைக் கேட்கத்தான் சென்னப்பன் தர்மபுரிக்கு வந்து, தனக்கு எதிராகக் கோஷம் போட்டுவிட்டு, அட்டையை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மன்றத்துக்கு மாடியேறினான்.

மன்றம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மாவட்டச் செயலாளர் மதியழகன் அவர்கள் நாற்காலியில் இருந்தார். அவரை 'அவர்கள்' போடாமல் குறிப்பிடக் கூடாது என்பது மன்ற விதி நான்கு. கதையை முடிக்கும்வரை நமக்கு வம்பு வேண்டாம். மற்ற நேரங்களில் அவர் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பவர்.

"நாந்தாங்க சென்னப்பன்," என்றான் இவன். "அந்தத் தூமனும் நாந்தாங்க. ரெண்டாவது படத்துல முகமூடிக்குள்ள இருந்தது நானு. வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. இப்பதாங்க சொல்லலாம்னாங்க."

மதியழகன் அவர்கள் கோபப்படவில்லை. இந்த மாதிரி ஆட்களை அன்போடு நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

"நீங்க மன்றத்துல உறுப்பினருங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிங்க நீங்க தூமனா இருக்க முடியும்? தூமன் இந்த மன்றத்தோட கௌரவ உறுப்பினர். போன வருசமே தீர்மானம் போட்டு ரஷ்யாவுக்குக் கடுதாசி அனுப்பியாச்சு."

"எந்த வெலாசத்துக்குங்க?"

"ரஷ்யாவுக்குதான்."

மதியழகன் அவர்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினார். மூன்று பிரதி வேண்டும். ஐந்து வருஷத்துக்குக் குறையாத மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு பேரும் இரண்டாம் பாகத்தைத் தியேட்டரில் பத்து முறையாவது பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

வீட்டில் கலைமதிதான் படிவத்தை நிரப்பினாள். தர்மபுரியில் கல்லூரிக்குப் போகிற பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழாவது கட்டத்தில் 'தூமனுக்கும் தங்களுக்கும் உள்ள உறவு' என்று இருந்தது. 'நானே' என்று எழுதினாள். மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. 'நானே என்பது உறவு ஆகாது. ஏதேனும் ஒன்றை டிக் செய்யவும்: ரசிகர், தீவிர ரசிகர், ரசிகரின் வாரிசு.' சென்னப்பன் ரசிகர் என்பதில் டிக் போட்டான். தீவிர ரசிகர் என்று போட அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பரிந்துரைக் கையெழுத்துக்குப் பொம்மிடிக்குப் போனான். ரயில்வே கேட்டுப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் முனிராஜ் மூத்த உறுப்பினர், நல்ல மனுஷர். "நீங்கதான் தூமனான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா பாவம், அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார். அவருடைய சகலையும் பார்க்காமலே போட்டார். இந்தக் கதையில் சென்னப்பனுக்கு நல்லது நடந்த இடம் இது ஒன்றுதான், ஆகவே இங்கேயே குறித்து வைக்கிறேன்.

விசாரணை பதினான்காம் தேதி மன்றத்து மாடியில் நடந்தது. தரையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் பழைய கேப்டன் அணி, அந்தப் பக்கம் புதிய கேப்டன் அணி. எந்தப் பக்கம் நிற்பதென்று புரியாமல் சென்னப்பன் கோட்டின் மேலேயே நின்றான். அதுவே இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை.

"பழைய கேப்டனா, புதுக் கேப்டனா? உங்க நெலப்பாடு என்னாங்க?" என்றார் மதியழகன் அவர்கள்.

"புதுசா வந்தவரு யாருன்னு தெரியாதுங்க. பழையவர நான் பரிசல்ல ஏத்தி எறக்கியிருக்கன். தங்கமான மனுசன். தண்ணின்னா மட்டும் ரொம்ப பயப்படுவாரு, என் தோளக் கெட்டியா புடிச்சுக்குவாரு."

பழைய கேப்டன் அணியில் நாற்காலிகள் சாய்ந்தன. அருவியில் எட்டு முறை குதித்தவர் கேப்டன்! புதிய கேப்டன் அணியினர் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் இரண்டு பேரிடம் அந்த இடத்திலேயே விளக்கம் கேட்கப்பட்டது. 'கேப்டன் பயந்தார்' என்ற சொற்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

"சரி. உங்களுக்குப் பிடிச்ச பாகம் எது?"

சென்னப்பன் யோசித்தான். இரண்டாம் பாகத்தை அவன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். இருட்டில் தன்னைத் தானே தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். நான்காம் பாகத்தை டிவியில் பார்த்தான்.

"நாலாவதுங்க," என்றான். "அதுல ஒரு நாய்க்குட்டி வருது."

முதல் முறையாகச் சாக்பீஸ் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்து நின்றன. நான்காம் பாகம் என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை என்று மன்றம் தீர்மானம் நிறைவேற்றி வைத்திருந்தது. எடுக்கப்படாத ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்கிறவனை என்ன செய்வது?

மன்றத்தின் வரலாற்றுப் பிரிவுச் செயலாளர் ஆரோக்கியராஜ்தான் எல்லோரையும் அமர்த்தினார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். தூமனின் நடையைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆராய்ச்சி எழுதியவர். அதைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "நடைல ஒவ்வொரு அடிக்கும் நடுவுல ஒரு நொடி நிக்கறாரு. ஏன்? தூமக்கோள்ல ஈர்ப்பு விசை ஆறுல ஒரு பங்கு. கால் தரையில படறதுக்கு நேரமாவும். அத இவரு உடம்பால உணர்ந்து நடிச்சிருக்காரு. ரஷ்யாவுல இதுக்குப் பதினோரு வருசம் பயிற்சி." சென்னப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தன வருசம் பயிற்சி எடுத்தீங்க?"

"பயிற்சி எதுவும் இல்லீங்க. பாற வழுக்கும். அதான் ஒரு கால ஊனி, நிக்குதான்னு பாத்துட்டு, அடுத்தத வெக்கிறது."

ஆரோக்கியராஜ் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பரிதாபம்தான். எனக்கென்னவோ கெட்ட சிரிப்பே தேவலை என்று படுகிறது.

கடைசியில் மதியழகன் அவர்கள் பேசினார். "தோழர்களே, ஒரு விசயத்த நாம நேர்மையா ஒத்துக்கணும். நம்ம ஆளு ஒருத்தன் அப்படி நடந்திருக்க முடியாது. நம்மகிட்ட அது இல்ல. இருந்திருந்தா இவ்ளோ நாள்ல எனக்குத் தெரியாமயா இருக்கும்? நான் மண்ணின் மைந்தர்களுக்கு எதிரி கெடையாது. எங்க வூடும் பாலக்கோட்டுப் பக்கந்தான். ஆனா தூமன் முகமூடியக் கழட்டறப்ப உள்ள இருந்து இப்படி ஒரு மொகம் வந்தா, விண்வெளிக்கு என்னாங்க மரியாத? இந்த மொகத்த நாம தெனம் சந்தையில பாக்கறோம். சினிமாவுலயும் இதயே பாக்கறதுக்கா தியேட்டருக்குப் போறோம்?"

கைதட்டல் டயர் கடை வரைக்கும் கேட்டது. சென்னப்பன் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாற்பத்தாறு வருஷத்து வெயிலும் தண்ணீரும் அதில் இருந்தன. அதற்கு முன்னால் அவன் அதைப் பற்றி வெட்கப்பட்டதில்லை. அந்த மாடியில், அத்தனை பேர் நடுவில், வெட்கப்பட்டான்.

இருந்தாலும் மன்றம் நியாயமானது. யாருக்கும் வாய்ப்பை மறுக்காது. பதினெட்டாம் தேதி காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகிரங்க நடைத்தேர்வு வைப்பதென்றும், தூமனைப் போல் நடக்கத் தெரிந்த எவரும் கலந்துகொள்ளலாம் என்றும், அதில் முதலாவதாக வருகிறவரை ஒரிஜினல் தூமனாக மன்றம் அங்கீகரித்துக் கம்பெனிக்குக் கடிதம் தரும் என்றும் முடிவானது. ரஷ்யாக்காரர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

பதினேழு பேர் வந்திருந்தார்கள். அன்று ஆர்ப்பாட்டத்தில் அட்டை கொடுத்த வாலிபர்தான் முதலில் நடந்தார். பேர் குரு, மதியழகன் அவர்களின் மச்சான். அட்டையில் ஓடு செய்து முதுகில் கட்டி, முகத்தில் வெள்ளிப் பவுடர் பூசி, பின்னணி இசையோடு வந்தார். நடுவில் ஒரு முறை நின்று வானத்தைப் பார்த்தார். தூமன் எந்தப் பாகத்திலும் வானத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மண்டபமே எழுந்து விசிலடித்தது.

சென்னப்பனின் எண் பதினாறு. உலர்ந்த டைல்ஸ் தரை. தலைமேல் ஒன்றும் இல்லை. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். கால் எப்படி வைப்பதென்றே தெரியவில்லை.

"ஐயா, தலமேல பாரம் இல்லாம அந்த நட வராதுங்க," என்றான். "கீழ ஈரமும் வேணும். ஒரு பரிசலு இருந்தா…"

'காரணம் சொல்கிறார்' என்று ஆரோக்கியராஜ் குறித்துக்கொண்டார். சென்னப்பன் நடந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறவன் போல, பஸ்ஸுக்குப் போகிறவன் போல, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தான். பின் வரிசையில் யாரோ, "அண்ணா, பாத்ரூம் லெப்டு சைடு" என்றார்கள்.

முடிவை அறிவித்தார்கள். முதலிடம் குரு. இரண்டாமிடம் பொம்மிடி முனிராஜ். டீ கிளாஸ் தட்டைத் தூக்கிக்கொண்டே பழகிய முழங்கால் அவருக்கு. மூன்றாமிடம் சென்னப்பன். அவனுக்கு மன்றத்தின் முத்திரை போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள். அடியில் நடுவர் குறிப்பு: 'முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் நடையில் இயல்பு இல்லை. இவர் தூமனைக் கூர்ந்து கவனித்ததாகத் தெரியவில்லை.'

அந்தச் சான்றிதழை அவன் வீட்டுக்கு எடுத்து வந்தான். வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். முத்திரை போட்ட காகிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லை.

மனைவி பாஞ்சாலி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணாவதா?" என்று மட்டும் கேட்டாள். கலைமதி அடிக்குறிப்பைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் அதைக் கீழே வைத்தாள்.

"ஏழாவதுல என்ன பெஞ்சு மேல நிக்க வெச்சாங்களே, அப்பகூட நான் அழுவலப்பா. எங்கப்பாதான் தூமன்னு எனக்குத் தெரியும், அவுங்களுக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு நின்னன். இப்ப நீயே அங்க போயி மூணாவதுன்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்க. எதுக்குப்பா நடந்து காட்டுன? அவனுங்களுக்கு நீ ஏன் நடந்து காட்டணும்?"

"கடுதாசி குடுப்பாங்கன்னு…" என்றான் சென்னப்பன்.

"இவனுங்க யாருப்பா குடுக்கறதுக்கு?"

சென்னப்பன் சான்றிதழை எடுத்து மடித்து வைத்தான். நாட்டில் எத்தனையோ பேர் யாரும் கேட்காமலே ஒரு மேஜையைப் போட்டு, ஒரு முத்திரையைச் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம் போய் வரிசையில் நின்ற பிறகு அது அலுவலகமாகிவிடுகிறது.

இருபதாம் தேதி காலையில் மேனேஜர் கூப்பிட்டார். குருவை ஒப்பந்தம் செய்தாகிவிட்டது. ரசிகர்கள் ஏகத்துக்குக் குஷியாக இருக்கிறார்கள். "ஒரே ஒரு சின்னச் சிக்கல் சார். அந்தத் தம்பிக்குப் பாறையில நடக்க வராது போல. அதனால முகமூடி போட்டு நடக்கற சீன் எல்லாம் நீங்களே பண்ணிடுங்க, போன தடவ மாதிரி. கழட்டற எடத்துல மட்டும் அவரு மொகம். ஒரு காகிதம் இருக்கு, கையெழுத்துப் போட்டுரலாம். ஞாயித்துக்கெழம மதியம் கூப்பிடறன், சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்தார் ஒகேனக்கல்லுக்கு வந்தார்கள். தூமன் நடந்த பாறையைத் தரிசித்து, குருவை அங்கே நிறுத்திப் படம் எடுப்பதாக ஏற்பாடு. மற்றவர்கள் கரையில் மீன் வறுவலுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். மதியழகன் அவர்கள், ஆரோக்கியராஜ், குரு மூவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசல்துறைக்கு வந்தார்கள். முறைப்படி அடுத்த பரிசல் சென்னப்பனுடையது.

"அட, நீங்களா!" என்றார் மதியழகன் அவர்கள் பெருந்தன்மையோடு. "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. மூணாவது எடம்ங்கறது சாதாரணம் இல்ல."

சென்னப்பன் துடுப்புப் போட்டான். நடு ஆற்றில் இருக்கும் அந்தப் பாறைத் திட்டில் அவர்களை இறக்கினான். படத்தில் வந்த இடம் திட்டின் மறுபக்கம். அங்கே போக நூறு அடி பாறைமேல் நடக்க வேண்டும். ராத்திரியெல்லாம் சாரல் நனைத்த பாறை. மதியழகன் அவர்கள் இரண்டாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியராஜ் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பு விசையை நம்பிக் காலை வைத்து, முழு ஈர்ப்பு விசையில் விழுந்தார். ஒரிஜினல் தூமன் குரு, பாறையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்றார்.

மறுபக்கம் போனால்தான் அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள முடியும். இந்தப் பக்கம் எதிர்நீரோட்டம். சென்னப்பன் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். முன்னால் சாய்ந்தான். முழங்கால் மடங்கியது. கால் விரல்கள் விரிந்து பாறையைப் பிடித்தன. ஒரு அடி, நின்றான். அடுத்த அடி, நின்றான். சாரல் புகையாக எழுந்து அவனை இடுப்புவரை மூடியது.

அவன் பின்னால் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆரோக்கியராஜின் குரல்.

"தலைவரே… அதேதான் தலைவரே. எடது தோள் எறங்குது பாருங்க, எழுபத்தொன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கன். அதே எறக்கம். இவருதான். ஐயோ, இவரேதான் தலைவரே!" அவர் அழுதுகொண்டிருந்தார்.

சென்னப்பன் நின்றான். பரிசலுக்கு அடியில், இருட்டில், அவன் காத்திருந்தான். ஒரு வார்த்தை போதும் என்றுதான் நினைத்தான். இத்தனைக்குப் பிறகும் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மதியழகன் அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். மேடை இல்லாவிட்டாலும் குரல் அதுவாகவே வந்துவிட்டது.

"கண்ணத் தொடச்சுக்குங்க. எனக்கும் தெரியுது. எனக்கென்ன கண்ணு இல்லையா? ஆனா தீர்மானம் நிறைவேத்தியாச்சு. கடிதம் போயாச்சு. இப்ப இது வெளிய போனா மன்றத்துக்கு என்னா மரியாத? தூமன் நாளைக்கு வருவாரு, போவாரு. மன்றம் நிக்கணும். நூத்திப் பன்னெண்டு பக்கத்த என்னா பண்ணுவீங்க, ஆத்துல போடுவீங்களா?" பிறகு குரலை உயர்த்தினார். "ஏங்க சென்னப்பன்! அந்த நடைய அப்படியே நம்ம குருவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க. மன்றம் உங்கள மறக்காது!"

ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, சரியென்று தலையை ஆட்டினார்.

சென்னப்பன் மீதி தூரத்தையும் நடந்தான். மூவரும் அவன் பின்னாலேயே தவழ்ந்து மறுபக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் பரிசலைத் தண்ணீரில் இறக்கினான். ஏறினான். துடுப்பால் பாறையை ஒரு தள்ளுத் தள்ளினான். அவனுக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. வந்த கோபம் அவனை ஆச்சரியமாக அமைதியாக்கியிருந்தது.

"ஏங்க! எங்க போறீங்க? எங்கள ஏத்திக்குங்க!"

"விண்ணப்பம் குடுங்க," என்றான் சென்னப்பன்.

"என்னாது?"

"மூணு பிரதிங்க. அஞ்சு வருசத்துக்குக் கொறையாம இந்த ஆத்துல பரிசல் ஓட்டுன ரெண்டு பேரு பரிந்துரைச்சுக் கையெழுத்துப் போடணும். அவுங்க கரையில இருக்காங்க. அப்புறம் ஒரு கேள்வி. உங்களுக்குப் புடிச்ச பாகம் எது?"

"ரெண்டு!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"தப்புங்க," என்றான். "நாலு. அதுல நாய்க்குட்டி வருது."

பத்தடி தள்ளிப் பரிசல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாறைமேல் ஆரோக்கியராஜ் தன் ஆராய்ச்சியின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து மாவட்டச் செயலாளருடையதா, வரலாற்றுப் பிரிவுச் செயலாளருடையதா என்ற பிரச்சினை அதற்குள் வந்துவிட்டது. குரு எழுந்து நிற்கப் பார்த்து, மறுபடியும் பாறையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது சென்னப்பனின் கைபேசி அடித்தது. மேனேஜர்.

"சார், நாளைக்கு ஷூட்டிங். முகமூடி, ஓடு எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. நீங்க வந்து நடந்தாப் போதும்."

"எனக்கு நட வராதுங்களே," என்றான் சென்னப்பன்.

"என்ன சார் விளையாடறீங்க?"

"மூணாவது எடம்தாங்க வந்தன். நடையில இயல்பு இல்லன்னு முத்திர போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. வூட்டுல இருக்குது, எம்மவள உட்டு அனுப்பச் சொல்றன். மொதலாவதா வந்தவரு இதோ பாறமேலதான் இருக்காரு. அவரையே நடக்கச் சொல்லுங்க."

கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட ஆரம்பித்தான்.